மீனவ ஊர் லட்சணம்

நவம்பர் பிறந்தால் எங்கள் ட்ரண்டி கோவ் ஊரில் பாதிக் கடல் கரையேறி வந்து வீட்டுக் கொல்லைகளில் உட்கார்ந்துகொள்ளும். குளிருக்குச் சிங்கி இறால் ஆழத்துக்கு நகர்ந்துவிடுகிற காலம். படகுக்காரர்கள் இறால் பிடிக்கிற கூடுகளை இழுத்தெடுத்து, துறையில் இறக்கி, வண்டியில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து ஆளுயரத்துக்கு அடுக்குவார்கள். மஞ்சளும் பச்சையுமாகக் கம்பிக்கூடுகள். பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு, உள்ளே இரை கட்டிய பை அழுகித் தொங்க, முதல் இரண்டு வாரம் நாற்றம் குடலைப் பிடுங்கும். பிறகு உறைபனி விழுந்து அதை அமுக்கிவிடும். ஏப்ரல் வரைக்கும் அவை அங்கேதான்.

மெய்ன் மாநிலத்துக் கடற்கரை மீனவன் குளிர்காலம் முழுக்கத் தூங்குகிறான் என்று நினைக்கிறவர்கள் அவனைக் கோடையில் மட்டும் பார்த்தவர்கள். துருவேறிய கதவை மாற்றுவதும், கிழிந்த வலைவாயைப் பின்னுவதும், மிதவைக்கு வர்ணம் அடிப்பதும் இந்த ஐந்து மாதத்தில்தான். கூடு கொல்லையில் கிடந்தால், சாப்பிட்டுவிட்டு ஒரு நாலு கூட்டைத் தூக்கி அடுக்களைக்குள் வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். கொல்லை இல்லாத படகுக்காரன் களம் இல்லாத சம்சாரி மாதிரி. பேருக்கு இருக்கலாம்.

கார்ல்டன் ஃபிக்கெட்டின் கொல்லை ரோட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் சரிந்து இறங்கும். அறுபதைத் தாண்டியவர். வலது தோள் மழைக்கு முன்னால் வலிக்கும். வானிலை அறிக்கையை விட ஊர் அதைத்தான் நம்பும். மனைவி ரோவினா அவருடன் படகுக்குப் போகிறவள். இரை கட்டுவது, இறாலை அளந்து சிறிசைத் திருப்பிக் கடலில் போடுவது அவள் வேலை. படகில் அவர்தான் தலைவர் என்பது இருவரும் சேர்ந்து ஊருக்குச் சொல்லிவந்த கதை.

அன்றைக்கு இரண்டு பேரும் கூடு இறக்கிக்கொண்டிருந்தபோது ஊராட்சி வண்டி ரோட்டோரம் வந்து நின்றது. இறங்கியவன் ரோவினாவின் தம்பி டாரல். குழாய் பார்வையிடுகிறவன், நாய் பிடிக்கிறவன், போன ஜூலையிலிருந்து கட்டட மனைச் சட்ட அதிகாரி. வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை. வராததன் காரணம் அவனுக்கு இப்போது விளங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, காப்பி இருக்கா?"

"காப்பிக்கு வந்தா வண்டிய உள்ள விட்டிருப்ப. ரோட்டுல நிறுத்திட்டுப் பிணம் விழுந்த வீட்டுக்கு வாரவன் மாதிரி நடந்து வார. என்ன விஷயம்?"

டாரல் கையிலிருந்த தாளைச் சட்டைக்குள் வைத்தான், எடுத்தான். "மச்சான், கோவப்படக் கூடாது. கூட்ட இங்க அடுக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னா?" என்றார் கார்ல்டன்.

"நான்தான் சொல்லுதேன்."

"நீயா?"

"நான் சொல்லல. சட்டம் சொல்லுது. நான் வெறும் வாயி."

கார்ல்டன் ஒரு கூட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். "எந்தச் சட்டம் மாப்ள?"

"மீனவக் கிராமச் சட்டம்."

"மீனவக் கிராமத்துல மீனவன் கூடு வைக்கக் கூடாது" என்றார் கார்ல்டன், சரிபார்க்கிறவர் மாதிரி.

"வைக்கலாம் மச்சான். கண்ணுல படக் கூடாது. ரோட்டுல இருந்து பாத்தாலும் தெரியக் கூடாது, தண்ணியில இருந்து பாத்தாலும் தெரியக் கூடாது."

"தண்ணியில இருந்து யாருல பாக்கா? தண்ணியில இருக்கிறது நானும் உங்கக்காளும்தான்."

"கோடைக்குப் பாய்மரத்துல வாரவங்க பாப்பாங்களாம்."

"கோடையில கூடு கடலுக்குள்ளலா கெடக்கும்."

"அதச் சொன்னேன். குறிச்சு வச்சுக்கிட்டாங்க."

"சரி, வேலி போட்டு மறைச்சிருதேன்."

"எட்டடி உயரம் வேணும்."

"போட்டாப் போச்சு."

"ஆனா கடல் பக்கம் மூணடிக்கு மேல வேலி கூடாது. கடல மறைக்குமாம்."

ரோவினா சிரித்துவிட்டாள். அந்த வருஷத்தில் அவள் அந்த விஷயத்துக்குச் சிரித்தது அதுதான்.

சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. ஊரே கூடிச் செய்தது. அதற்கும் முந்தைய வருஷம் மஞ்சள் பலகை மாட்டிய மலிவுச் சாமான் கடை ஒன்று எங்கள் தேவாலயத்துக்குப் பக்கத்து நிலத்தை விலை பேசியது. ஊர் கொதித்தது. அந்தக் கொதிப்பில் முட்டையை அவிக்கத் தெரிந்தவர் ப்ரெஸ்காட் லைல். தெற்கே நகரத்தில் முப்பது வருஷம் பற்பசைக்கு விளம்பரம் எழுதி ஓய்வுபெற்று, எங்கள் ஊரில் வீடு வாங்கியவர். மனைத் திட்டக் குழுவுக்குத் தலைவர் வேண்டும் என்றபோது மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள், அவர் கை தூக்கினார். நல்ல மனுஷர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் வருவார். ஊரை அவர் நேசித்த நேசத்தில் அதை இருக்கிறபடி விட்டுவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

போன வருஷம் மார்ச் மாதம் பள்ளிக்கூட விளையாட்டறையில் ஊர்க்கூட்டம். வெளியே பனி, உள்ளே ஈரக் கம்பளி வாடை. லைல் எழுந்து, "நாம் யார்?" என்று கேட்டார். இருநூறு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. முன்வரிசையில் ஒருவர் தன் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். லைல் கனிவாகச் சிரித்து, நாம் ஒரு மீனவ ஊர், அந்த லட்சணம் நம் முகத்தில் தெரிய வேண்டும், அதைக் காப்பதுதான் இந்தச் சட்டம் என்றார். மஞ்சள் பலகைக் கடை கிடையாது. மின்னும் விளக்கு கிடையாது. மீனவ ஊர் என்றைக்கும் மீனவ ஊராகவே இருக்கும். இதைக் கேட்டுக் கார்ல்டனின் கண் நனைந்தது. எழுந்து நின்று, "நான் வழிமொழியுதேன்" என்றார். அவர் அதற்கு முன் ஊர்க்கூட்டத்தில் பேசியதே இல்லை. கைதட்டினார்கள்.

சட்டத்தின் பிரதி வாசல் மேசையில் கட்டுக்கட்டாக இருந்தது. பக்கத்து மேசையில் மகளிர் சங்கத்துப் பழ அடை இருந்தது. ஊர் அடையை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. எல்லாரும் ஓட்டுக்கான பச்சை அட்டையை உயர்த்தினார்கள். கடை பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. இப்போது சோப்புத் தூள் வாங்க எல்லாரும் அங்கேதான் போகிறோம்.

அந்தச் சட்டத்திலும் ஈவிரக்கம் இல்லாமல் இல்லை. ஏற்கெனவே கொல்லையில் கம்பிக்கூடு வைத்துவருகிறவர்கள் தொடர்ந்து வைக்கலாம். பன்னிரண்டு மாதம் விட்டுப்போனால் மட்டும் விட்டதுதான், பிறகு வைக்க முடியாது. யார் விடப்போகிறார்கள்? ஊரில் ஒருத்தரும் விடவில்லை, கார்ல்டனைத் தவிர.

அவர் விட்டது மகள் டெஸ்ஸாவின் கல்யாணத்துக்காக. வீட்டிலேயே, கடலைப் பார்க்கக் கல்யாணம் வேண்டும் என்றாள் பெண். கூடு அடுக்கிய மண்ணில் புல் முளைக்காது. அதனால் போன வருஷ இலையுதிர்காலத்தில் ரோவினா கொல்லை முழுக்கப் புல் விதைத்தாள். கூடுகள் குளிர்காலத்துக்கு டாரல் வீட்டுக்குப் போயின. ஜூனில் கல்யாணம். பட்டுப் போலப் புல், கடல் வரைக்கும். அது நடந்து முடிந்து, இந்த நவம்பரில் கூடுகள் வீடு திரும்புகின்றன. இடையில் பன்னிரண்டு மாதம் தாண்டிப் போயிருந்தது.

"அப்ப போன குளிருக்கு வச்ச மாதிரி உன் கொல்லையிலயே வச்சுக்கிடுதேன்" என்றார் கார்ல்டன்.

"என் வீட்டுல முந்தி எப்பவும் கூடு கெடந்ததில்லையே மச்சான். நான் கடலுக்கே போனதில்ல. போன குளிருக்கு வச்சதே குத்தம்தான். யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியும்லா?"

"அப்ப நான் ஆபீசர் இல்ல."

ரோவினா தம்பிக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் நின்றபடி குடித்தான். தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் ஒரு கூட்டுக்குள், இறால் நுழைகிற வாய் வழியே, செருகிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் பயறு விருந்து. வெல்லப்பாகும் பன்றிக்கொழுப்பும் போட்டு இரவெல்லாம் வெந்த பயறு, கறுப்பு ரொட்டி, முட்டைக்கோசு. கார்ல்டனுக்குத் தட்டில் இரண்டு கரண்டி அதிகமாக விழுந்தது. ஊர் அனுதாபப்பட்டால் அப்படித்தான் காட்டும்.

எதிரே உட்கார்ந்திருந்த வின்ஸ்லோ, கார்ல்டனோடு நாற்பது வருஷமாகக் கடலில் சண்டையும் கரையில் சீட்டும் போடுகிறவர். "வே கார்ல்டன், நீருதான வழிமொழிஞ்சீரு" என்றார்.

"நீரு அட்டையத் தூக்கல?"

"நீரு எந்திரிச்சு நின்னதப் பாத்து, படிச்சுட்டுத்தான் நிக்கீருன்னு நெனச்சேன்."

"நான் படிச்சு நீரு எப்பவே பாத்தீரு?"

"அதான் ஆச்சரியமா இருந்துச்சு. எழுத்துக்கூட்டியாவது படிச்சிருக்காரேன்னு."

பக்கத்து மேசையிலிருந்து அல்மீடா எழுந்து வந்தாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள், மேல்முறையீட்டுக் குழுவின் தலைவி. கார்ல்டன் போட்ட மேல்முறையீடு செவ்வாய்க்கிழமை அந்தக் குழுவின் முன் வருகிறது. பாதி ஊரை அவள்தான் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். வழக்கு நடக்கும்போது வழக்குக்காரரிடம் பேசக் கூடாது என்பதால், கார்ல்டனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு ரோவினாவிடம் பயறு எப்படி வேகவைப்பது என்று ஆரம்பித்தாள்.

"பதமா வேகணும் ரோவினா. அவசரப்பட்டுத் தெறக்கக் கூடாது. செவ்வாக்கிழம நான் ஒரு கேள்வி கேப்பேன். போன குளிர்ல உங்க கொட்டகைக்குப் பின்னால ஒண்ணு ரெண்டு கூடு கெடந்துச்சான்னு. ஒரு கூடு கெடந்தாலும் வழக்கம் விட்டுப்போகலன்னு அர்த்தம். பாத்தவங்க யாரும் இல்ல. உன் வீட்டுக்காரரு நிதானமா யோசிச்சுச் சொல்லணும். உப்புக் கடைசியிலதான் போடணும், என்ன?"

"புரியுது அக்கா" என்றாள் ரோவினா.

வீட்டுக்கு வந்து கார்ல்டனிடம் சொன்னாள். செவ்வாய்க்கிழமை மறுபடி சொன்னாள், காலுறை போடும்போது. "ஒரு கூடு கெடந்துச்சு. அவ்வளவுதான் நீ சொல்லணும்."

"சரி சரி."

"சொல்லிப் பாரு."

"ஒரு கூடு கெடந்துச்சு."

"மூஞ்சிய அப்படி வச்சுக்காத. பல்லுப் புடுங்கப் போறவன் மாதிரி."

குழு ஊராட்சி அலுவலகத்து மாடியில் கூடியது. மூன்று பேர்: அல்மீடா, அஞ்சல் நிலையக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ். மூவருக்கும் கார்ல்டனுக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடத்தான் ஆசை. நாற்காலிகளில் படகுக்காரர்கள் எல்லாரும் ரப்பர் காலணியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். டாரல் ஒரு மூலையில் தன் தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தான்.

லைல் பேசினார். "திரு. ஃபிக்கெட் மீது எனக்கு இருக்கும் மரியாதை எல்லாருக்கும் தெரியும். இந்த ஊரின் ஆன்மாவே அவர்தான். ஆனால் கம்பிக்கூடு நம் மரபு அல்ல. மரக்கூடுதான் நம் மரபு. அலங்காரத்துக்கு மரக்கூடு பன்னிரண்டு வரை வாசலில் வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது."

"மரக்கூட்டக் கடல்ல போட்டாப் புழு தின்னுரும்" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"கடலில் போட வேண்டியதில்லையே" என்றார் லைல். உண்மையாகவே ஆறுதலாகச் சொன்னார்.

பிறகு ஒரு படத்தைப் பலகையில் குத்தினார். ஊரின் சுற்றுலாக் கையேட்டு அட்டை. டெஸ்ஸா வெள்ளை உடையில் நிற்கிறாள். பின்னால் பச்சைப் புல், அதற்குப் பின்னால் நீலக் கடல். "நான் இதை எதிர்வாதமாகக் காட்டவில்லை. ஒரு கொல்லை எப்படி இருக்க முடியும் என்பதற்கு இதைவிட அழகான சாட்சி உண்டா?"

கார்ல்டன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோவினா மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

அல்மீடா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "கார்ல்டன், ஒரு கேள்வி. நல்லா யோசிச்சுச் சொல்லணும். அவசரம் இல்ல. கல்யாணத்துக்கு முந்தின குளிர்ல, கொட்டகைக்குப் பின்னால, ஒண்ணு ரெண்டு கூடு கெடந்திருக்கும்லா?"

அறையில் அத்தனை பேருக்கும் விடை தெரியும். கார்ல்டன் வாயைத் திறந்தார். வந்துவிடும் போல இருந்தது. "ஒரு கூடு..." என்றார்.

அந்த நேரத்தில் வின்ஸ்லோவுக்குச் சிநேகிதம் பொங்கியது. உதவிக்கு ஒரு கை கொடுப்போம் என்று பின்வரிசையிலிருந்து உரக்கச் சொன்னார்: "ஒரு கூடா? ஃபிக்கெட் கொட்டகைக்குப் பின்னால எப்பவும் குப்பக் கெடங்குதான. ஊருக்கே தெரியும். கல்யாணத்தன்னைக்கும் அப்படித்தான் கெடந்துச்சு, நான் கண்ணால பாத்தேன்."

கார்ல்டன் எழுந்துவிட்டார்.

"எதுவே குப்பக் கெடங்கு?"

"கார்ல்டன், உக்காரு" என்றாள் ரோவினா.

"என் மக கல்யாணத்தன்னைக்கு எங்கொல்லையில குப்பையா? நீரு வந்து நாலு தட்டுத் தின்னீரு, அப்ப தெரியலையா? ஒரு கூடு கெடையாது. ஒரு முழக் கயிறு கெடையாது. குளிர் தொடங்கும் முன்னயே நானும் இவளும் கொட்டகைக்கு முன்ன பின்ன எல்லாம் சீவிச் சொரண்டி எடுத்தோம். புல்லு வெதச்சுப்புட்டுக் குருவி திங்காம இவ விடிய முன்ன எந்திரிச்சுக் காவல் நின்னா. கல்யாணத்துக்கு வந்த பிள்ளைங்க வெறுங்காலோட ஆடிச்சு. ஒரு ஆணி ஒரு காலுல குத்தியிருந்தா வந்து சொல்லும் பாப்போம்."

வின்ஸ்லோ தன் காலணியைப் பார்த்தார். கார்ல்டன் நின்றுகொண்டே இருந்தார். தான் எங்கே நிற்கிறோம், என்ன சொல்லிவிட்டோம் என்பது காலிலிருந்து மேலே ஏறுகிற குளிர் மாதிரி அவருக்கு மெல்ல உறைத்தது.

"பதிவாயிருச்சு" என்றாள் அல்மீடா மெதுவாக. "நான் என்ன செய்ய, கார்ல்டன்?"

மூன்று பேரும் தலை நிமிராமல் மறுப்பு என்றார்கள். முப்பது நாளுக்குள் அகற்ற வேண்டும். லைல் வந்து கார்ல்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எவ்வளவு நேர்மை" என்றார்.

வீட்டில் மீன் சூப் அடுப்பின்மேல் ஆடை கட்டிக் கிடந்தது. ரோவினா சுடவைக்கவில்லை, திட்டவுமில்லை.

"சொல்லியிருக்கலாம்லா" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

"பின்ன என்ன?"

"வின்ஸ்லோ டெஸ்ஸா கல்யாணத்தச் சொல்லிட்டான் ரோவி."

"உனக்காகத்தான சொன்னான்."

"தெரியும். எந்திரிச்ச பொறவுதான் தெரிஞ்சுது."

அவள் இரண்டு தட்டில் சூப்பை ஊற்றினாள். ஆறியதையே குடித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கூடுகள் அடுக்கடுக்காக நின்றன. "உங்க சித்தி நெலம் இருக்குல்ல, உள்நாட்டுல" என்றார் கார்ல்டன்.

"இருக்கு. பதினெட்டு மைலு. குளிர்ல அந்த ரோட்ட யாரும் சுத்தம் பண்ணமாட்டாங்க."

"அங்க எந்தச் சட்டமும் கெடையாது."

"அங்க எதுவுமே கெடையாது. ப்ளூபெரிச் செடியும் பாறையும்தான். நீ தெனமும் அங்க போயி, அந்தக் காத்துல நின்னு, இந்தத் தோள வச்சுக்கிட்டுக் கூடு பழுது பாக்கப் போறியா?"

கார்ல்டன் கரண்டியை வைத்தார். "பாதியத்தான் பழுது பாக்க முடியும். அடுத்த வருஷம் பாதிதான் போடுவோம்."

"பாதி போட்டா படகுச் செலவுக்கே காணாது."

"தெரியும்."

அதற்குப்பின் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. எடுத்து எங்கே வைப்பது?

கூடு ஏற்றுகிற அன்றைக்கு ஊரே வந்தது. யாரும் கூப்பிடவில்லை. வின்ஸ்லோ விடிவதற்குள் பெரிய இழுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஏற்ற ஆரம்பித்தார். டாரல் அரைநாள் விடுப்பு எடுத்து வந்தான். அல்மீடா காப்பியும் சர்க்கரை வடையும் கொண்டுவந்தாள். பச்சை அட்டை தூக்கிய அத்தனை கையும் கூடு தூக்கிற்று. "பாத்து வே, தோளு" என்று கார்ல்டனை ஓரமாக உட்காரவைத்தார்கள். அவருக்கு அதுதான் பொறுக்கமுடியாமல் இருந்தது. கூடுகள் நின்ற இடத்தில் புல் மஞ்சளாகக் கட்டம் கட்டமாகச் செத்திருந்தது.

மதியம் தாண்டிப் புறப்பட்டார்கள். முன்னால் வின்ஸ்லோ, பின்னால் வண்டிக்குப் பின் வண்டி, ஒவ்வொன்றிலும் மஞ்சளும் பச்சையுமாகக் கூரைக்கு மேல் கட்டிய கூடுகள். கடைசி வண்டியில் கார்ல்டனும் ரோவினாவும். லேசாகப் பனி தூவிற்று. நாலு மணிக்கு இருட்டிவிடும், பதினெட்டு மைல் போய் இறக்க வேண்டும்.

தேவாலய முக்கில் லைல் புகைப்படக் கருவியோடு நின்றிருந்தார். வண்டிகள் வர வர எடுத்துக்கொண்டே இருந்தார். கடைசி வண்டி நெருங்கும்போது ரோட்டின் நடுவே வந்து இரண்டு கையையும் விரித்தார். முன்னால் போனவை உட்பட எல்லா வண்டியும் நின்றது. அவர் கண்ணில் நீர் இருந்தது, குளிராகவும் இருக்கலாம்.

"இதுதான். இதைத்தான் நான் அந்தக் கூட்டத்தில் சொல்ல முயன்றேன், எனக்குச் சொல்ல வரவில்லை. ஒரு ஊர் முழுக்க ஒரு மனிதனுக்காகக் கூடு தூக்கிக்கொண்டு போகிறது. இதை வருஷாவருஷம் நடத்த வேண்டும், கார்ல்டன். ஒரு திருவிழா மாதிரி." வானத்தைப் பார்த்தார். மேகம் விலகிக் கொஞ்சம் வெயில் துறைமேல் விழுந்துகொண்டிருந்தது. "ஒரே ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடம் வரை திரும்பிப் போய் இன்னொரு தடவை வர முடியுமா? வெளிச்சம் இப்போதுதான் வந்திருக்கிறது."

எல்லாரும் கார்ல்டனைப் பார்த்தார்கள். அவர் எதிரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் மரியாதையாகக் கேட்கிற ஒருவருக்கு முடியாது என்று சொல்லி யாருக்கும் பழக்கம் இல்லை. சும்மா இருந்தார். சும்மா இருந்தால் சம்மதம் என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம்.

வின்ஸ்லோ வண்டியைப் பின்னால் எடுத்தார். ஒவ்வொன்றாகத் திரும்பின. பள்ளிக்கூடத்து வாசலில் வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாக, முன்னைவிட மெதுவாக, கேட்டபடியே வந்தன. பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். வெயில் கூடுகளின் கம்பியில் பட்டு மின்னியது. நன்றாகத்தான் இருந்தது.

முக்கில் லைல் கருவியை இறக்கிவிட்டு, கடைசி வண்டிக்குக் கை அசைத்தார்.

வண்டி மலைப்பாதையில் ஏறிக் கடல் மறைந்த பிறகு கார்ல்டன் கேட்டார்: "எதுக்குக் கை ஆட்டின?"

"நானா?"

"நீதான். அவனுக்கு."

ரோவினா யோசித்துப் பார்த்தாள். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள், வேறு யாரோ வண்டியில் விட்டுப்போனது போல.

"தெரியல" என்றாள்.